இணையக் கடை வாங்கும் முப்பது சதவீதத்துக்கு உழைக்கிறதா: சிறு விளையாட்டு உருவாக்குநர் தாமே கணக்குப் பார்க்கும் முறை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன் நடக்கும் ஏலத்தை ஒரு முறையேனும் நின்று பார்த்தவருக்குத் தரகு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. படகிலிருந்து இறங்கும் மீனை ஏலக்காரர் கூவி விற்கிறார். வாங்கியவரிடமிருந்து பணத்தைப் பெற்றுப் படகுக்காரரிடம் சேர்க்கிறார். அதற்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். அந்தப் பங்கு அதிகம் என்று முணுமுணுக்காத படகுக்காரரை நான் கண்டதில்லை. ஆனால் அவர்களில் விவரமானவர்கள், இந்தக் கூடையை நாமே தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றிருந்தால் மாலையில் கையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற கணக்கையும் கூடவே போட்டுப் பார்த்துவிடுகிறார்கள்.

கணினி விளையாட்டு செய்து ஸ்டீம், எபிக், இட்ச் போன்ற இணையக் கடைகளில் விற்பவர்கள் போட வேண்டியதும் அதே கணக்குதான். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து விளையாட்டு செய்யும் பிள்ளைகள் சிலருக்கு நான் வரவு செலவு எழுதிக் கொடுத்து வருகிறேன். விற்பனையில் கடை எடுத்துக்கொள்ளும் கமிஷனைப் பற்றி அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "முப்பது பர்சென்ட் நியாயமா அண்ணா?" என்பது. எல்லா விளையாட்டுக்கும் பொருந்துகிற ஒரே விடை அதற்குக் கிடையாது. உங்கள் விளையாட்டுக்காக உங்கள் கடை உழைத்ததா என்று கேட்டால் விடை உண்டு. கடையின் அறிக்கைகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். கீழே வரும் விற்பனை எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. கமிஷன் விகிதங்களும் விதிகளும் கடைகளே வெளியிட்டவை.

590 ரூபாய் எங்கே போகிறது

மாத அறிக்கையைத் திறந்ததும் மேலே பெரிதாகத் தெரியும் மொத்த விற்பனைத் தொகையை ஒதுக்கிவிடுங்கள். அதில் வரியும் கலந்திருக்கிறது, வாங்கியவர்களுக்குத் திருப்பித் தரப்பட்ட பணமும் கலந்திருக்கிறது. கணக்குக்கு வசதியாக, இந்தியாவில் 590 ரூபாய்க்கு விற்கும் ஒரு கேரம் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். (வண்ணாரப்பேட்டையில் பிறந்தவன் வேறு எதை எடுத்துக்கொள்வான்?) வெளிநாட்டு நிறுவனம் இணையம் வழியாக இங்குள்ளவருக்கு விற்கும் மென்பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, எனவே 590-இல் 90 ரூபாய் வரிக்குப் போகிறது. மீதி 500 ரூபாயின் மீதுதான் கமிஷன் கணக்கிடப்படும்.

ஸ்டீமில் 30 சதவீதம், அதாவது 150 ரூபாய் போய் 350 ரூபாய் உங்களுக்கு நிற்கும். எபிக் கடை 2018 டிசம்பரில் திறந்தபோதே 12 சதவீதம் என்று அறிவித்தது. அதன்படி 440 நிற்கும். 2025 ஜூன் முதல், ஒரு விளையாட்டு ஓராண்டில் ஈட்டும் முதல் 10 லட்சம் டாலருக்கு எபிக் கமிஷனே வாங்குவதில்லை என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் முழு 500-உம் நிற்கும். இட்ச் கடையில் கமிஷன் எவ்வளவு என்பதை உருவாக்குநரே 0 முதல் 100 வரை வைத்துக்கொள்ளலாம். ஒன்றையும் மாற்றாமல் விட்டால் 10 சதவீதம், அதோடு பணம் வாங்கித் தரும் சேவையின் கட்டணமும் தனியாகக் கழியும்.

இந்த வரிசையைப் பார்த்த உடனே எபிக்குக்கும் இட்ச்சுக்கும் ஓடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 500 ரூபாய் வீதம் 20 பிரதி விற்பதும் 350 ரூபாய் வீதம் 200 பிரதி விற்பதும் ஒன்றாகாது.

திருப்பித் தரப்பட்ட பிரதிகளை எண்ணிக்கையிலிருந்தே கழித்துவிட வேண்டும். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் கேள்வி இல்லாமல் பணம் திரும்பிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் விளையாட்டைச் செய்தவர்களுக்கு இந்த விதி கசக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் முகம் தெரியாத இரண்டு பேர் செய்த பொருளை ஒருவர் துணிந்து வாங்குவதற்கு அந்த விதியே காரணமாகவும் இருக்கிறது.

பலர் செய்யும் ஒரு பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விற்ற பிரதிகளுக்கான உங்கள் பங்கில் அங்குள்ள அரசுக்காக ஒரு வரி பிடித்தம் செய்யப்படும். கடை கேட்கும் வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து, இந்தியா-அமெரிக்கா இரட்டை வரி ஒப்பந்தத்தின் சலுகையைக் கோரினால் இந்தப் பிடித்தம் 15 சதவீதம், கோராவிட்டால் 30. முப்பது என்ற எண் இரண்டு இடத்திலும் வருவதால், கடை இரண்டு முறை கமிஷன் எடுத்துவிட்டது என்று கோபப்பட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அது வரி, ஆடிட்டரிடம் கேட்டு இங்குள்ள வருமான வரியில் கழித்துக்கொள்ள வழியுண்டு. கமிஷன் பத்தியில் அதை எழுதாதீர்கள்.

சில்லறை வேலைகளுக்கு ஒரு விலை

கடை செய்யும் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டால்தான் கணக்கு தெளியும். ஒன்று, எந்தக் கடையும் செய்தாக வேண்டிய சில்லறை வேலைகள்: பணம் வாங்குவது, நாட்டுக்கு நாடு வரி கட்டுவது, கோப்புகளை வைத்திருந்து தரவிறக்கம் செய்ய விடுவது, ஒவ்வொரு திருத்தத்தையும் வாங்கியவர் கணினியில் கொண்டு சேர்ப்பது, பணத்தைத் திருப்பித் தருவது. மற்றொன்று, ஆள் கூட்டி வருவது.

முதல் வகைக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது. பேடில் என்ற நிறுவனம், நீங்கள் உங்கள் சொந்த இணையதளத்தில் மென்பொருள் விற்றால், விற்பவர் என்ற சட்டப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டு பணத்தையும் வரியையும் பார்த்துக்கொள்கிறது. அதற்கு அது பட்டியலிட்டிருக்கும் கட்டணம் விற்பனைக்கு 5 சதவீதமும் 50 சென்ட்டும். இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 20 டாலர் விளையாட்டுக்கு அது ஒன்றரை டாலர், அதாவது 7.5 சதவீதம். 6 டாலர் விளையாட்டுக்கு 80 சென்ட், ஏறக்குறைய 13 சதவீதம். 2 டாலர் விளையாட்டுக்கு 60 சென்ட். பார்த்தால் அதுவே 30 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணை நான் முதன்முதலில் தாளில் எழுதியபோது தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். விலை குறையக் குறைய, ஆள் கூட்டி வராவிட்டால்கூடச் சில்லறை வேலைகளாலேயே கடை தன் கமிஷனுக்கு ஈடு செய்துவிடுகிறது. ஸ்டீம் சிறு விற்பனைக்கென்று தனிக் கட்டணம் எதையும் 30-க்கு மேல் சேர்ப்பதில்லை. விலை கூடக்கூட, அதே முப்பதுக்குக் கடை வேறு விதத்தில் உழைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் விற்பவர்கள்தான் கமிஷனைப் பற்றி அதிகம் கொதிக்கிறார்கள் என்பது இதில் உள்ள வேடிக்கை.

"வரியை நானே பார்த்துக்கொள்கிறேன், வெறும் பணம் வாங்கும் சேவை போதும்" என்று சொல்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கின்றன. வெளியிலிருந்து அங்குள்ள ஒரே ஒருவருக்கு ஒரு மென்பொருள் விற்றாலும் முதல் விற்பனையிலிருந்தே அந்நாட்டு மதிப்புக்கூட்டு வரி பொருந்தும். கொருக்குப்பேட்டை மாடியறையில் உட்கார்ந்து ஹங்கேரி வரி விகிதத்தைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்துக்கும் ஒரு கூலி எழுதிக்கொள்ளுங்கள்.

ஆளைக் கூட்டி வந்தது யார்

உண்மையான வழக்கு இங்கேதான். மேலே சொன்ன கேரம் விளையாட்டையே, அதன் விலை 6 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தனியாக விற்றால் நூற்றுக்கு 87 நிற்கும். ஸ்டீமில் 70 நிற்கும். 87-ஐ 70-ஆல் வகுத்தால் 1.24. அதாவது நீங்களே 100 பிரதி விற்கக்கூடிய இடத்தில் கடை 124-க்கு மேல் விற்றுக் கொடுத்தால் அது கமிஷனுக்கு உழைத்திருக்கிறது. தலைகீழாகச் சொன்னால், கடையில் வாங்கியவர்களில் ஐந்துக்கு நான்கு பேருக்கு மேல் நீங்களே கூட்டி வந்தவர்களாக இருந்தால் அது உழைக்கவில்லை. 400 பிரதி விற்றிருந்தால் அந்த எல்லை 322. விளையாட்டின் விலை 20 டாலராக இருந்தால், நான்குக்கு மூன்று பேர் உங்கள் ஆள்களாக இருந்தாலே கடையின் பாடு கேள்விக்குரியதாகிவிடும்.

அந்த ஆள்களை எண்ணுவது எப்படி? ஸ்டீம் உருவாக்குநர் பக்கத்தில், கடைப் பக்கத்துக்கு வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று காட்டும் அறிக்கை ஒன்று இருக்கிறது: டிஸ்கவரி க்யூ (கடை தானாகவே வரிசையாக எடுத்துக் காட்டும் விளையாட்டுகள்) வழியாக எத்தனை, குறிச்சொற்கள் வழியாக எத்தனை, தேடல் வழியாக எத்தனை, வெளியிலிருந்து எத்தனை என்று பிரித்துக் காட்டும். அதைவிடப் பயனுள்ளது, நீங்கள் வெளியே பகிரும் சுட்டிகளின் வாலில் யூடிஎம் குறியை, அதாவது ஒருவர் எந்தச் சுட்டியிலிருந்து வந்தார் என்று காட்டும் சிறு எழுத்துத் தொடரை, சேர்த்து அனுப்புவது. அந்தச் சுட்டியிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் விஷ்லிஸ்டில் (பிறகு வாங்க நினைப்பவற்றின் பட்டியலில்) சேர்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது வரை கடையே சொல்லிவிடும். இன்ஸ்டாகிராமுக்கு ஒரு குறி, யூடியூபுக்கு ஒரு குறி, வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு ஒரு குறி என்று தனித்தனியாக வையுங்கள்.

இதை வெளியிடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். நான் உடனிருந்து உதவிய முதல் விளையாட்டுக்கு, கேரம் கிளப்புகளில் ஒட்டுவதற்காகக் க்யூஆர் குறியோடு நோட்டீஸ் அடித்தோம்; புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை ஒட்டியும் முடித்தோம். அந்தக் குறிக்குள் வெறும் கடை முகவரிதான் இருந்தது, வால் இல்லை. எத்தனை பேர் அந்த நோட்டீஸைப் பார்த்து வாங்கினார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தவறு முழுக்க என்னுடையது.

குறி வைத்தாலும் அறிக்கை முழு உண்மையைச் சொல்லாது. கைப்பேசியில் உங்கள் காணொளியைப் பார்த்தவர், இரவு வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்து விளையாட்டின் பெயரைத் தேடி வாங்குவார். அவர் கடையின் கணக்கில் தேடல் வழியாக வந்தவராகப் பதிவாவார். ஆகவே பெயர் சொல்லித் தேடி வந்தவர்களை உங்கள் ஆள்களோடு சேர்த்துக்கொள்வதே சரி, ஏனெனில் கேள்விப்படாத பெயரை யாரும் தேடுவதில்லை. மறுபக்கத்தில், ஸ்டீமில் உங்கள் சுட்டி வழியாக வாங்கிய எல்லோரும் உங்கள் சொந்த இணையதளத்திலும் வாங்கியிருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். ஏற்கெனவே வாலட்டில் பணமும் அட்டை விவரமும் இருக்கும் கடையில் வாங்குவதும், யாரோ இருவரின் இணையதளத்தில் அட்டை எண்ணைத் தட்டுவதும் ஒன்றாகாது. இதை அளக்க ஒரே நேர்மையான வழி, ஒரு மாதத்துக்கு இட்ச்சிலும் ஸ்டீமிலும் ஒரே விலையில் வைத்து, ஒவ்வொரு பதிவிலும் இரண்டு சுட்டிகளையும் அருகருகே கொடுத்துப் பார்ப்பது. நூறு பேரில் எத்தனை பேர் இட்ச் சுட்டியைத் தேர்ந்து வாங்கினார்கள் என்பதே நீங்கள் தனியாக நின்றால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆள்களுக்கு ஓரளவு நெருக்கமான எண்.

கடை ஆள் கூட்டி வருகிறது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியான முதல் வாரத்தில் நீங்கள் அனுப்பிவைக்கும் ஆள்கள் வாங்குவதைப் பார்த்துத்தான் கடையின் கணக்குப்பொறி உங்கள் விளையாட்டைப் பிறருக்கும் காட்டத் தொடங்குகிறது. காசிமேட்டுக்கு வியாபாரிகள் வருவது படகுகள் அங்கே வருவதால்தானே? எனவே கடை கூட்டி வந்ததாக அறிக்கை சொல்லும் எண்ணை முழுவதுமாகக் கடையின் வரவில் வைப்பதில்லை என்று நான் முடிவு செய்திருக்கிறேன், பாதியளவு வைக்கிறேன். இதற்கு வாய்பாடு கிடையாது, இது என் கணிப்பு. அப்படிப் பாதியாக்கியும் கடை தேறிவிட்டால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கடையை உழைக்க வைப்பது

கமிஷன் எப்படியும் போகப் போகிறது என்றால், அதற்கு ஈடாகக் கிடைப்பவற்றை வாங்காமல் விடுவது நம் பிழை. ஸ்டீமில் ஒரு விளையாட்டைச் சேர்க்க 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டாலரைக் கடந்ததும் அது திரும்பி வரும். பணம் கட்டியதிலிருந்து 30 நாள் காத்திருக்க வேண்டும், வெளியீட்டை முன்கூட்டியே அறிவிக்கும் "விரைவில்" என்ற பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் திறந்திருக்க வேண்டும். இந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். பக்கத்தைப் பல மாதங்களுக்கு முன்பே திறந்துவைத்து விஷ்லிஸ்டைச் சேர்ப்பதுதான் முப்பது சதவீதத்தில் கிடைக்கும் மிகப் பெரிய பொருள். வெளியீட்டு நாளன்று அவர்கள் அனைவருக்கும் கடையே மின்னஞ்சல் அனுப்புகிறது. பின்னால் 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி தரும்போதும் அனுப்புகிறது. 15 சதவீதத் தள்ளுபடி கொடுத்துவிட்டு மின்னஞ்சல் ஏன் போகவில்லை என்று விழிப்பவர்கள் இந்த விதியைப் படிக்காதவர்கள். ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவில் மாதிரி விளையாட்டோடு கலந்துகொள்ளலாம். ஆனால் ஒரு விளையாட்டுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அரைகுறை மாதிரியோடு அவசரப்பட்டுப் போய் அதை வீணாக்கிவிடாதீர்கள்.

உங்கள் சொந்த ஆள்களுக்குக் கமிஷன் இல்லாமல் விற்கவும் ஸ்டீமே ஒரு வழி வைத்திருக்கிறது. உருவாக்குநர் கட்டணமின்றிக் குறியீட்டுச் சாவிகளை (ஸ்டீமில் உள்ளிட்டால் விளையாட்டைத் திறக்கும் எழுத்துத் தொடர்களை) எடுத்து வெளியில் விற்கலாம், அவற்றுக்கு 30 சதவீதம் கிடையாது. வெளியில் கொடுக்கும் சலுகை ஸ்டீமில் வாங்குபவருக்குக் கிடைப்பதைவிட மேலானதாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கேட்க நன்றாக இருக்கும் இதில் ஒரு முள் உண்டு. சாவி மூலம் பெற்றவர்கள் எழுதும் விமர்சனம் விளையாட்டின் மதிப்பெண்ணில் சேராது; 10 விமர்சனம் சேரும்வரை அந்த மதிப்பீடே தோன்றாது. ஆகையால் முதல் பத்து விமர்சனம் கிடைக்கும்வரை நண்பர், உறவினர், ரசிகர் எல்லோரையும் கடைக்கே அனுப்பி, முழுக் கமிஷனையும் மனமாரக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு, கேரம் போட்டி நடத்தும் கிளப்புகளுக்கும் கல்லூரிக் குழுக்களுக்கும் மொத்தமாகச் சாவி விற்கும் வேலையைத் தொடங்குங்கள். விலை பற்றிய ஸ்டீமின் நடைமுறையை எதிர்த்து உல்ஃபயர் என்ற அமெரிக்க நிறுவனம் 2021-இல் தொடுத்த வழக்கு, 2024-இல் பல உருவாக்குநர்கள் சார்பிலான பொது வழக்காக ஏற்கப்பட்டது. அது எங்கே போய் முடியும் என்பதை வைத்து இன்று விலை வைக்க முடியாது.

எபிக் போன்ற கடைகள் தங்களுக்கு மட்டும் முதலில் தரும் விளையாட்டுக்கு உத்தரவாதத் தொகை கொடுத்ததும் உண்டு. காசிமேட்டுக்காரர்களுக்கு இது புதிதன்று. ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கிய படகு, மீனை அவரிடமே இறக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒன்று உங்களைத் தேடி வந்தால், கமிஷன் சதவீதத்தைப் பார்க்காமல், கட்டுண்டு கிடக்கும் மாதங்களில் வேறு கடையில் விற்றிருக்கக்கூடிய பிரதிகளை எண்ணிப் பாருங்கள்.

ஸ்டீமின் விகிதத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018 முதல் ஒரு விளையாட்டின் வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டினால் கமிஷன் 25, 5 கோடியைத் தாண்டினால் 20. பெரிய விசைப்படகுக்குச் சலுகை, கட்டுமரத்துக்கு முழுத் தரகு. ஆப்பிளும் கூகுளும் 2021-இல் இதற்கு நேர்மாறாக, சிறியவர்களின் முதல் 10 லட்சம் டாலருக்குக் கமிஷனை 15 ஆக்கின. கணினி விளையாட்டுகளுக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டில் 30-இலிருந்து 12-க்கு இறங்கியது. முப்பது என்பது செலவைக் கூட்டிப் பார்த்து வந்த எண்ணாக இருந்திருந்தால் இப்படி இறங்கியிருக்க முடியுமா?

கைப்பேசி விளையாட்டுக்குக் கணக்கு வேறு, சுருக்கமாகச் சொல்கிறேன். கூகுள் ப்ளேயில் பதிவுக் கட்டணம் ஒரே முறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். இலவசமாகக் கொடுத்து விளம்பரத்தில் சம்பாதிக்கும் விளையாட்டுக்கு ப்ளே கடை கமிஷன் எடுப்பதில்லை. அங்கே பங்கு கேட்பது விளம்பர நிறுவனம். புதிதாகத் தனிநபர் கணக்கு திறப்பவர், வெளியிடும் முன் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதனை நடத்திக் காட்ட வேண்டும். நம் பக்கம் ஒரு கேரம் பலகையைச் சுற்றி மாலையில் நிற்பவர்களை எண்ணினாலே அந்தப் பன்னிரண்டு கிடைத்துவிடும்.

கணக்கை எப்போது போடுவது என்பதும் முக்கியம். வெளியீட்டு மாதத்தின் எண்களில் உங்கள் சொந்தக் கூட்டமே நிறைந்திருக்கும். அதைப் பார்த்தால் கடை சும்மா இருந்தது போலத் தோன்றும். மூன்றாம் மாதத்தில் நீங்கள் கத்துவதை நிறுத்திய பிறகு என்ன விற்கிறதோ அதுதான் கடையின் உழைப்பைக் காட்டும். ஸ்டீம் ஒரு மாத விற்பனைக்கான பணத்தை அடுத்த மாதக் கடைசியில் அனுப்பும். ஜனவரியில் வெளியிட்டவருக்கு மார்ச் மாதப் பணம் ஏப்ரல் முடியும் தறுவாயில் வங்கிக்கு வரும். காசிமேட்டில் விசைப்படகுகள் தடைக்காலத்துக்குக் கட்டப்பட்டு, உரிமையாளர்களும் ஏலக்காரர்களும் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கும் நாட்கள் அவை. நீங்களும் அப்போது உட்காரலாம்.